உதவி தேவை: டபுள் பேஸ் கம்பி ரொம்ப விறைப்பாக இருக்கிறது, எந்த செட் மாற்றலாம்?

கேட்டவர் (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை கல்யாணங்களில் இன்னிசைக் குழுவோடு விரலால் மீட்டுகிறேன், ஞாயிறு தேவாலயத்தில் வில் போட்டு வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது ஒட்டுப்பலகையில் செய்த முக்கால் அளவு டபுள் பேஸ் (நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம்), ஈப்போவில் பழையதாக வாங்கியது. மூன்று மாதமாக வாசிப்பதே பெரும் பாடாக இருக்கிறது. குலை அறுத்துப் பழகிய கைதான், ஆனாலும் ஒரு மணி நேரத்தில் இடது பெருவிரலின் அடிப்பக்கம் மரத்துப்போகிறது. தடித்த இ கம்பியில் சத்தம் உள்ளேயே அடைபட்டு நிற்கிறது. குறைந்த இழுவிசைக் கம்பி வாங்கலாம் என்று பார்த்தால் நான்கு கம்பி கொண்ட ஒரு செட் ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தொடுகிறது. தப்பான செட் வாங்கிவிட்டால் மறுபடி வாங்க வழியில்லை. எது வாங்கலாம்?

வாத்தியம் பழுதுபார்ப்பவர் (ஈப்போ):
தம்பி, காசை எடுக்காதீர்கள். முதலில் மூன்று அளவு எடுத்துச் சொல்லுங்கள். தலைப்பக்க நட்டிலிருந்து (கம்பி பதியும் பள்ளக் கட்டை) பிரிட்ஜ் (பலகைமேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரம்) வரை கம்பி எத்தனை சென்டிமீட்டர்? விரல் பலகை முடியும் இடத்தில் மெல்லிய ஜி, தடித்த இ கம்பிகள் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கின்றன? அப்புறம், மூன்று மாதத்துக்கு முன்னால் பேசுக்கு ஏதாவது ஆனதா?

கேட்டவர்:
109 செ.மீ. ஜி 9 மி.மீ., இ 12 மி.மீ. அண்ணே, நீங்கள் கேட்டபிறகுதான் ஞாபகம் வருகிறது. வேனில் கொண்டுபோகும்போது பிரிட்ஜ் சாய்ந்து விழுந்தது. நானே நிமிர்த்தி வைத்தேன். கழுத்து முடியும் இடத்தில் ஜி கம்பியில் முன்பு சரியாக டி சுரம் வரும். இப்போது கொஞ்சம் தாழ்ந்து வருகிறது.

வாத்தியம் பழுதுபார்ப்பவர்:
அதுதான் விஷயம். முக்கால் அளவுப் பேசில் கம்பி நீளம் பெரும்பாலும் 104 முதல் 106 செ.மீ. வரை இருக்கும். பிரிட்ஜை வால்பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டீர்கள். அதே சுருதிக்கு இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 105 இருக்க வேண்டியது 109 ஆனால் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் இழுப்பு. நடுத்தர எஃகுக் கம்பி ஒவ்வொன்றும் ஏற்கெனவே 30 கிலோவுக்குப் பக்கத்தில் இழுக்கிறது, நான்கும் சேர்த்தால் ஒரு பெரிய ஆளைவிட அதிகப் பாரம். அதற்கு மேலே இந்த 8 சதவீதம். உயரமும் அதிகம், கை மரத்துப்போனதில் வியப்பில்லை.

முன்பலகையில் எஃப் எழுத்து வடிவில் இருக்கும் இரண்டு எஃப் துளைகளின் உள்பக்கத்திலும் சின்ன வெட்டு இருக்கும். பிரிட்ஜ் கால்கள் அந்த வெட்டுகளின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். நான்கு கம்பிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மொத்தமாகக் கழற்றிவிடாதீர்கள், முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி பசை இல்லாமல் இறுக்கத்தில் மட்டும் நிற்கிறது, விழுந்துவிடும். டெயில்பீஸுக்கு (கம்பிகளின் கீழ்முனை மாட்டும் கட்டை) அடியில் தடித்த துணி வையுங்கள். நகர்த்தியபிறகு ஜி பக்கத் துளையில் கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள்: பிரிட்ஜின் அந்தப் பக்கக் காலுக்குச் சற்றுக் கீழே, வால்பக்கமாக, போஸ்ட் இருக்க வேண்டும். கால் அதைத் தாண்டிப் போய்விட்டதால்தான் உங்கள் இ கம்பி அடைத்திருக்கும். வில்லும் விரலும் சேர்த்து வாசிக்கிறவருக்கு ஜி 6 முதல் 7, இ 9 முதல் 10 மி.மீ. போதும். பிரிட்ஜ் காலில் திருகு இருந்தால் இறக்குங்கள். இல்லையென்றால் கொண்டு வாருங்கள், மேல்பக்கத்தைச் சீவித் தருகிறேன்.

இன்னொரு வாசிப்பாளர் (தைப்பிங்):
அண்ணன் சொன்னதைச் செய்து முடித்தபிறகு ஒரு சோதனை. நான்கு கம்பியையும் அரை சுருதி இறக்கி ஒரு சாயங்காலம் வாசியுங்கள். இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். சத்தம் திறந்து கையும் இளகினால் உங்கள் பேசுக்கு லைட் செட் (குறைந்த இழுவிசை) பொருந்தும். சத்தம் தொளதொளத்துப் போனால் நடுத்தரமே வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லும் போடுவதால் எனக்கு டாடாரியோ ஹெலிகோர் ஹைப்ரிட் லைட்தான் சரியென்று படுகிறது, இரண்டு வாசிப்புக்கும் சேர்த்துச் செய்தது. தோமாஸ்டிக் ஸ்பைரோகோரின் இழுவிசை குறைந்த வகையான வைக் விரலுக்கு அருமை, நீண்டு ஒலிக்கும். ஆனால் புதிதாக இருக்கும்போது வில்லுக்கு உலோகக் கீச்சல் கேட்கும், பல வாரம் பொறுக்க வேண்டும். ஞாயிறு ஆராதனையில் அது வேண்டாம். எதை வாங்கினாலும் ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். நட்டுப் பள்ளத்தில் பென்சில் கரி தேய்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
அண்ணே, செய்துவிட்டேன். இப்போது 105 செ.மீ., ஜி 7, இ 10. போஸ்ட் விழவில்லை. இ கம்பியைத் தட்டியதும் பலகை முழுக்க அதிர்ந்தது, பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். டி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அரை சுருதி இறக்கியும் பார்த்தேன். ஜி, டி இன்னும் இனிமை, இ மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. இ மட்டும் நடுத்தரம், மற்ற மூன்றும் லைட் என்று கலந்து போடலாமா?

தைப்பிங்:
தாராளமாகப் போடலாம், தம்பி. தனிக் கம்பியாகவும் விற்கிறார்கள். ஒரே வகையில் எடுங்கள், தொனி மாறாது.

கேட்டவர்:
நன்றி. பழைய கம்பியோடு இந்தச் சனிக்கிழமைக் கல்யாணம் வாசிக்கிறேன். நடுத்தர இ ஒன்றும் மற்ற மூன்று லைட் கம்பிகளும் தீபாவளி போனஸ் வந்ததும் வாங்குகிறேன்.