ரப்பரை மாற்றுவதா, துடைத்துப் பார்ப்பதா?

மேசையோரம்:
வாரம் 4 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் டேபிள் டென்னிஸ் ஆடுகிறேன். மட்டையின் இரு பக்கமும் அடியில் 2.1 மி.மீ. ஸ்பாஞ்ச் கொண்ட டென்சர் ரப்பர் (தயாரிக்கும்போதே இழுவிசை ஏற்றிய வகை). ஒட்டி ஒன்றரை ஆண்டு ஆகிறது. சில வாரங்களாக ஃபோர்ஹேண்டில் டாப்ஸ்பின் (முன்சுழற்சி) அடித்தால் பந்து வலையில் போய் விழுகிறது. ரப்பரை மாற்று என்கிறார் பயிற்சியாளர். உடன் ஆடும் மூத்தவரோ, "எல்லாம் தூசிதான், துடைத்துவிட்டு ஆடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

சுழல்விரும்பி:
பயிற்சியாளர் பேச்சைக் கேளுங்கள். வாரம் 6 மணி நேரம், 78 வாரம். மொத்தம் 468 மணி நேரம்! என் அனுபவத்தில் டென்சர் ரப்பர் நூறு மணி நேரம் தாண்டினாலே தளரத் தொடங்கிவிடும். கொடுமை என்னவென்றால், அது ஒரே நாளில் போவதில்லை. பிடிப்பு சிறிது சிறிதாகக் குறையக் குறைய, நம்மை அறியாமலே மணிக்கட்டு மட்டையை மேல்நோக்கிச் சாய்த்துப் பந்தைத் தூக்கிவிடப் பழகிக்கொள்கிறது. பிறகு புது ரப்பர் ஒட்டினால் பந்தெல்லாம் மேசையைத் தாண்டிப் பறக்கும். அந்தப் பழக்கத்தை உதற எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

பழைய மட்டை:
மணிக்கணக்கைப் பார்த்து ரப்பருக்கு நாள் குறிப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆடி முடித்த கையோடு மட்டையை அப்படியே உறைக்குள் திணிப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். தரைத் தூசியைப் பந்து வாரிக்கொண்டு வந்து ரப்பரில் அப்புகிறது, அதன்மேல் வியர்வையும் சேர்கிறது. எந்த ரப்பர்தான் பந்தைப் பற்றும்?

நண்பரே, முதலில் இதைச் செய்யுங்கள். துடைப்பதற்கென மென்மையான தனி ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, கைப்பிடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். சோப்பு வேண்டாம், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். நிழலில் உலர விடுங்கள். பிறகு ஒரு பந்தை உருளாதபடி விரல்களால் பிடித்து, லேசாக அழுத்தி, ரப்பரின் ஓரத்தில் இழுத்துப் பாருங்கள். அங்கே பந்து படுவது அரிது, ஆகவே ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். அடுத்து நடுவில் இழுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பிடிப்பு என்றால் ரப்பர் நன்றாகவே இருக்கிறது.

சுழல்விரும்பி:
சோதனை நல்லதுதான், ஆனால் பாதி உண்மையைத்தான் சொல்லும். மேல்தோலின் பிடிப்பு தெரியும். அடியில் உள்ள ஸ்பாஞ்ச் சோர்ந்துபோயிருப்பது தெரியாது. டென்சர் ரப்பரின் உயிரே அந்த இழுவிசைதான். 2014இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தபின் சுழற்சியே குறைந்துவிட்டது. இருக்கிற கொஞ்சத்தையும் சோர்ந்த ரப்பரால் இழக்க வேண்டுமா?

வெட்டாட்டக்காரன்:
நான் பேக்ஹேண்டில் நீள பிம்பிள் ரப்பர் (நீண்ட குமிழ்கள் வெளியே துருத்தி நிற்கும் வகை) வைத்து ஆடுகிறேன். எங்கள் கணக்கு வேறு. மென்மையான பிரஷ்ஷால் பிம்பிள்களுக்கு இடையே தூசி தட்டினால் போதும். பிம்பிளின் அடியில் விரிசல் விழுகிறதா என்று மட்டும் வாரம் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். நடுவில் சில பிம்பிள்கள் உடைந்துவிட்டால் நடுவர் அந்த மட்டையை ஏற்காமல் போகலாம்.

புதுவேகம்:
எதற்கு இத்தனை பேச்சு? ஸ்பாஞ்சில் பூஸ்டர் எண்ணெய் தடவி ஒட்டினால் பழைய ரப்பரும் துள்ளுமே.

பழைய மட்டை:
தயவுசெய்து இந்த யோசனையைப் புதியவர்களிடம் சொல்லாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த ரப்பரில் எண்ணெயோ ரசாயனமோ ஏற்றுவது சர்வதேச விதிப்படி கூடாது. ஆவியாகும் கரைப்பான் கலந்த வேகப் பசைக்கு 2008லேயே தடை வந்துவிட்டது. விதியை விடுங்கள், எண்ணெய் குடித்த ஸ்பாஞ்ச் உப்பி, ரப்பர் கிண்ணம்போல் வளைந்துகொள்ளும். பசையும் சேர்த்து மொத்தத் தடிமன் 4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதும் விதிதான்.

சுழல்விரும்பி:
இதில் பழைய மட்டையோடு எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. எண்ணெயின் வீரியம் சில வாரங்களில் அடங்கிவிடும், ரப்பர் முன்பைவிட மோசமாகும்.

மேசையோரம்:
துடைத்து, உலர்த்தி, சோதித்துவிட்டேன். சிவப்புப் பக்கம்தான் ஃபோர்ஹேண்ட். ஓரத்தில் இழுத்தபோது பந்து நகர மறுத்தது. ரப்பர் சுருங்கிக்கொண்டு கூடவே வந்தது. நடுவில் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப் பளபளப்பு இழந்திருக்கிறது. கறுப்புப் பக்கத்தில் இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பழைய மட்டை:
அப்படியானால் சிவப்பு போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். கறுப்பை விட்டுவைக்கலாம். ஆனால் மறுபடியும் 2.1 வேண்டாம். 1.8 வாங்குங்கள், யசாகா மார்க் ஃபைவ் போன்ற நிதானமான ரப்பராக. 1969இல் வந்த அந்த ரப்பருக்கு இன்றும் ஆள் இருக்கிறது என்றால் காரணம் இல்லாமலா? பந்து எங்கே போகும் என்பது அதில் கைக்குத் தெரியும்.

சுழல்விரும்பி:
இங்கேதான் நாம் பிரிகிறோம். ஒன்றரை ஆண்டு 2.1இல் பழகிய கையை எதற்குப் பின்னால் இழுக்க வேண்டும்? மெல்லிய ஸ்பாஞ்சில் ஓங்கி அடித்தால் பந்து அடிமரத்தில் முட்டும், அதே வலைதான். அதே ரப்பர், அதே தடிமன், புதிதாக. ஒட்டும் தன்மையுள்ள ஹரிக்கேன் 3 ரப்பர் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அந்தக் கடினமான ஸ்பாஞ்ச் முழு உடம்பையும் சுழற்றி அடிப்பவருக்கே இசைந்து வரும்.

மேசையோரம்:
அதே ரப்பரை, ஆனால் 1.9இல் வாங்க முடிவு செய்திருக்கிறேன். பழையதைக் கழற்றும்போது மரம் பெயர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பழைய மட்டை:
கைப்பிடிப் பக்க மூலையில் தொடங்கி, பிளேடோடு (மட்டையின் மரப்பலகையோடு) படுத்தாற்போல், குறுக்காக, மெதுவாக உரியுங்கள். நிமிர்த்தி இழுத்தால்தான் மரநார் எழும்பும். மிச்சமுள்ள பசையை விரலால் உருட்டி எடுத்துவிட்டுப் புதுப் பசை தடவி, அது பால் நிறம் மாறித் தெளிவாகும்வரை பொறுங்கள்.

சுழல்விரும்பி:
ஒட்டிய தேதியைக் குறித்து வையுங்கள். ஓரமும் நடுவும் எப்படி இருக்கின்றன என்று மூன்று மாதம் கழித்துச் சொல்லுங்கள்.