எழுபத்தெட்டு வயது வாழ்க்கைக்கு முடிவே இல்லாத தண்டனையா?

கரிசல்காடு:
சென்ற மாதம் பாட்டியை அடக்கம் செய்தோம். அம்மா கிறிஸ்தவர், பாட்டி கடைசிவரை மாரியம்மனை விடவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் போதகர் மத்தேயு 25:46-ஐ வாசித்து, இயேசுவை ஏற்காதவர்களுக்கு ‘நித்திய ஆக்கினை’ என்றார். எழுபத்தெட்டு வயதில் போனவருக்கு முடிவில்லாத நெருப்பு. இது எந்தக் கணக்கில் நீதி?

உபதேசியார்பேரன்:
பாட்டியின் மறைவுக்கு வருந்துகிறேன். ஆனால் குற்றம் செய்ய எடுத்த நேரத்தை வைத்தா தண்டனையை அளக்கிறோம்? கொலைக்கு ஒரு நிமிடம் போதும். கிடைப்பது ஆயுள் தண்டனை. யாருக்கு எதிராகச் செய்தோம் என்பதில் இருக்கிறது பாவத்தின் கனம். 11ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் ஆன்செல்ம் வாதிட்டதும் இதுதான். கடவுளோ எல்லையற்றவர்.

கரிசல்காடு:
ஆன்செல்ம் வாழ்ந்தது பிரபுக்களின் காலம். பிரபுவை அடித்தால் ஒரு தண்டனை, பண்ணையாளை அடித்தால் வேறு. பூமியில் ஒழித்துவிட்ட அந்த நியாயத்தை வானத்தில் மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?

வெண்ணீறு:
சைவத்திலும் நரகம் உண்டு. ஆனால் அதிலிருந்து வெளியே வர வழியும் உண்டு. சொல் கேளாத பிள்ளையைப் பெற்றோர் வளாரால் அடிப்பதும் பரிவுதான், ஈசனின் கோபமும் அப்படியே என்கிறது சைவ சாத்திர நூலான சிவஞான சித்தியார். அடிப்பதை நிறுத்தவே மாட்டேன் என்றால் அதற்குப் பரிவு என்று பெயரா?

உபதேசியார்பேரன்:
அப்படியானால் பரலோகமும் ஒருநாள் முடியவேண்டும். அதே வசனத்தில் ஆக்கினைக்கும் ஜீவனுக்கும் ஒரே ‘நித்திய’தான், கிரேக்கத்திலும் ஒரே சொல். லத்தீனில் எழுதிய பழைய திருச்சபை அறிஞர் அகஸ்டின் அப்போதே சுட்டிக்காட்டியது இது.

கரிசல்காடு:
அகஸ்டினுக்குக் கிரேக்கம் அரைகுறை. அவருக்கு முன்பே, கிரேக்கத்திலேயே எழுதிய ஆயர் நிசா கிரகோரி, அந்த நெருப்பு பொன்னைப் புடமிடுவது போன்றது, முடிவில் எல்லோரும் மீள்வர் என்றார்.

உபதேசியார்பேரன்:
கிரகோரிக்கும் முந்தைய இறையியலாளர் ஓரிகேனும் அப்படி எண்ணியவர்தான். 553இல் ஆயர்கள் கூடிய கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தின் கண்டனப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது.

கரிசல்காடு:
கிரகோரி பெயர் ஏறவில்லையே! இன்றும் புனிதராகத்தான் இருக்கிறார்.

கோட்டாற்றுக்காரர்:
சண்டை போதும். தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மீட்படையலாம் என்று 1964இல் கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது. உங்கள் பாட்டி அந்த வகைதானே?

கரிசல்காடு:
அதுதான் சிக்கல். இருபது வருடம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாலை ஜெபம் முழுவதையும் கேட்டவர். அறியாதவர் என்று எப்படிச் சொல்வேன்? ஜெபம் முடிந்ததும் ஆமென் சொல்லிவிட்டுத் திருநீறு பூசிக்கொள்வார்.

உபதேசியார்பேரன்:
ஆமென் சொல்வாரா?

கரிசல்காடு:
எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக.