மதுவுணரியா, மதுவாவியுணரியா?

வணக்கம். போக்குவரத்துக் காவலர் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன்; வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஓடும் காரின் கண்ணாடி வழியே லேசர் பாய்ச்சி, உள்ளே சாராய ஆவி இருக்கிறதா என்று பார்க்கும் கருவிக்கு என்ன பெயர்? 'குடிபோதை ஓட்டுநர் கண்டறி கருவி' என்று போட்டேன். படத்துக்குக் கீழே அடங்கவில்லை.

*

சீரொளி நறவுணரி என்று வையுங்கள். சீரொளி என்றால் லேசர்; நறவு, மதுவுக்கான சங்கச் சொல். நறுமணம், நறை, நறவு எல்லாம் ஒரே குடும்பம். மணத்தை வைத்துத்தானே மது பிடிபடுகிறது?

*

நறவு நல்ல சொல்தான் ஐயா. சாலையில் நிற்கும் காவலர் அதற்கு அகராதியைத் தேடுவாரா? தவிர, கருவி எதையும் முகர்வதில்லை. 3.39 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்புக் கதிரை மதுவிலுள்ள எத்தனால் விழுங்கும். காரைக் கடந்துபோய் ஆடியில் பட்டுத் திரும்பும் கதிர் எவ்வளவு மங்கியது என்று அளக்கிறார்கள். போலந்து ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டது இந்த முறைதான். மண்ணை வெட்டுவது மண்வெட்டி, மதுவை உணர்வது மதுவுணரி. போதும்.

*

போதாது. பின்னிருக்கைக்காரர் குடித்திருந்தாலும் கதிர் மங்கும். புட்டி உடைந்து இருக்கையில் சிந்தியிருந்தாலும் மங்கும். ஓட்டுநர் ஒரு சொட்டும் தொட்டிருக்க மாட்டார். நிறுத்தி, ஊதச் சொன்ன பிறகுதான் யார் குடித்தது என்பது தெரியும். பெயரிலேயே 'குடிபோதை ஓட்டுநர்' என்று எழுதினால், அந்த ஆள் ஊதும் முன்பே குற்றவாளி ஆகிவிடுகிறார். பயிற்சிக்கு வரும் காவலர் மனதில் முதலில் பதிவது பெயர்தான். அதனால் ஆவி கட்டாயம் வேண்டும்: மதுவாவியுணரி.

*

சேர்த்தெழுதினால் மது + வாவி என்றும் பிரியுமே! வாவி என்றால் குளம். பிரித்தே எழுதுங்கள்: மது ஆவி உணரி.

*

எனக்கும் அதுவே சரி. லேசரும் லேசராகவே இருக்கட்டும்.

*

புணர்ச்சிக்குப் பயந்து சொல்லைத் துண்டுபோட வேண்டாம். மது வடசொல், அதனால் வந்த சிக்கல் இது. கள் + ஆவி = கள்ளாவி. தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்துவிட்டது, வாவிக்கு இடமே இல்லை. கள்ளாவியுணரி!

*

கள் என்றால் இன்றைக்குப் பனங்கள், தென்னங்கள்தான் நினைவுக்கு வரும் ஐயா. அப்புறம், கள்ள ஆவி என்றும் காதில் விழுகிறது.

*

கள்ளுண்ணாமை அதிகாரம் பனங்கள்ளை மட்டுமா விலக்குகிறது?

*

அனைவருக்கும் நன்றி. 'லேசர் மது ஆவி உணரி' என்று அனுப்பிவிட்டேன். 'ஆவி கண்டால் ஊதச் சொல்லிச் சோதிக்கவும்' என்று படத்துக்குக் கீழே ஒரு வரியும் சேர்த்தேன்.

*

அடுத்த பதிப்புக்கு முன் சொல்லுங்கள். கள்ளாவியை நான் விடுவதாக இல்லை.