ஏற்காட்டு மழைக்கு மலிவு பூட்ஸ் தாங்குமா? (சாக்ஸ் பஞ்சாயத்து)

கொண்டைஊசி20:
நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மழைக்காலத்தில் ஏற்காட்டில் நடக்க வேண்டுமானால் குறைந்தது 9,000 ரூபாய்க்கு, தண்ணீர் புகாத சவ்வு வைத்த கோர்டெக்ஸ் பூட்ஸ் வேண்டுமாம், மலிவாக வாங்குகிறவன் காசைக் கிளியூர் அருவியில் விடுகிறானாம். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. நான் கோரிமேட்டில் பிறந்தவன், மலையடிவாரம்தான் எனக்கு விளையாட்டு மைதானம். போன ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்த அன்று 2,200 ரூபாய் பூட்ஸோடு கிளியூர்ப் பள்ளத்தில் இறங்கி ஏறினேன். சாக்ஸ் நனையவில்லை. திரும்பவும் சொல்கிறேன், நனையவில்லை.

மழைநடையன்:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஏரி வழிந்த அன்று கிளியூரில் இறங்கியவருக்கு சாக்ஸ் நனையவில்லை என்றால், ஒன்று நீங்கள் படிக்கட்டிலேயே நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும், இல்லை சாக்ஸே போடாமல் போயிருக்க வேண்டும்.

கொண்டைஊசி20:
போட்டோ இருக்கிறது. போடவா?

மழைநடையன்:
போடுங்கள்.

கொண்டைஊசி20:
பழைய போனில் இருக்கிறது.

உருக்காலைக்காரன்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. நான் உருக்காலையில் போடுகிற சேஃப்டி ஷூவையே மலைக்கும் போட்டுப் போகிறேன், 1,100 ரூபாய். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது முன்னால் இருக்கிற இரும்புத் தொப்பியில் விரல் போய் இடித்து இடித்து, பெருவிரல் நகம் இரண்டும் கறுத்து விழுந்தே போனது. அதனால் யாரும் இதை வாங்க வேண்டாம். பூட்ஸ் எதுவானாலும் சாயங்காலம் கடைக்குப் போய், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில், தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்க. விரலை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும்.

மழைநடையன்:
நல்ல யோசனை. ஆனால் கேள்வி அளவு பற்றி இல்லை, தண்ணீர் பற்றி. கோர்டெக்ஸ் என்றால் என்னவென்று தெரியாமலே இங்கே பேசுகிறார்கள். 1969இல் பாப் கோர் கண்டுபிடித்த சமாசாரம், தோசைக்கல்லில் பூசுகிறோமே டெஃப்லான், அதையே வெடுக்கென்று இழுத்து நுண்துளைச் சவ்வாக ஆக்கியது. அந்தத் துளையில் தண்ணீர்த் துளி நுழையாது, வியர்வை ஆவி வெளியே போகும். 2,200 ரூபாய்க்குக் கிடைப்பதில் பெரும்பாலும் துணிக்கு மேல் ஒரு பூச்சுதான் இருக்கும். நாலு மழையில் போய்விடும்.

கொண்டைஊசி20:
பாடம் எடுத்ததற்கு நன்றி, வாத்தியாரே. அப்படியே அடுத்த பாடத்தையும் எடுங்கள். ஆவி வெளியே போக வேண்டுமானால் உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். ஐப்பசியில் ஏற்காட்டில் மூடுபனிக்குள் நிற்கும்போது வெளியேயும் ஈரம்தானே? ஆவி எங்கே போகும்? மேல் துணி தண்ணீரைக் குடித்துவிட்டால் சவ்வின் துளையெல்லாம் அடைத்த மாதிரிதான். 9,000 ரூபாய் பூட்ஸுக்குள் கால் தன் வியர்வையிலேயே ஊறும். உங்கள் சாக்ஸ் நனைந்தது உங்கள் வியர்வையில்! என் சாக்ஸ் நனையவே இல்லை.

மழைநடையன்:
என் சாக்ஸ் நனைந்தது என்று நான் எப்போது சொன்னேன்?

கொண்டைஊசி20:
போன வருடம் ரெயின்கோட் விவாதத்தில் சொன்னீர்கள். எனக்கு மறக்காது.

கொல்லிமலைக்காற்று:
இந்தச் சண்டையைப் பார்த்தால் எவரெஸ்ட் ஏறப்போகிற மாதிரி இருக்கிறது. ஏற்காட்டுக்கு எதற்கய்யா பூட்ஸ்? 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் தூங்கி எழுந்தால் வந்துவிடும். எங்கள் கொல்லிமலைக்கு வாருங்கள், 70 வளைவு. அதற்கப்புறம் ஆகாயகங்கைக்கு ஆயிரம் படிக்குமேல் இறங்கிவிட்டு பூட்ஸைப் பற்றிப் பேசுவோம்.

கொண்டைஊசி20:
வளைவை எண்ணியா மலையை அளப்பது? ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் உச்சி 1,600 மீட்டருக்கு மேல். உங்கள் 70 வளைவு ரோடு போட்ட இன்ஜினியரின் பெருமை, மலையின் பெருமை இல்லை.

கொல்லிமலைக்காற்று:
ரோடு போட 70 வளைவு தேவைப்பட்டதே மலை செங்குத்தாக நிற்பதால்தான். சேலத்துக்காரருக்கு மாம்பழம் தவிர எதுவும் விளங்காது.

உருக்காலைக்காரன்:
மாம்பழத்தை எதற்கு இழுக்கிறீர்கள்?

காப்பித்தோட்டம்:
எஸ்டேட்டில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவன் சொல்கிறேன். மழைக்கு கம்பூட்ஸ், அதாவது முட்டிக்குக் கீழ் வரை வரும் ரப்பர் பூட்ஸ், வெயிலுக்கு ரப்பர் செருப்பு. கம்பூட்ஸ் 450 ரூபாய்தான், ஒரு சொட்டு உள்ளே வராது. மலைக்காரர்கள் செருப்பில் நடக்கிற வேகத்துக்கு உங்கள் பூட்ஸ்காரர் யாரும் ஈடு கொடுக்க மாட்டார்.

மழைநடையன்:
ஐயா, கம்பூட்ஸ் கணுக்காலைப் பிடிக்காது. பாசி பிடித்த பாறையில் கால் புரண்டால் அவ்வளவுதான். அதுவும் போக, முட்டி வரை தண்ணீரில் இறங்கினால் கம்பூட்ஸானாலும் சரி கோர்டெக்ஸானாலும் சரி, மேல்வாய் வழியாகத் தண்ணீர் வரத்தான் செய்யும். அதைத்தான் முதலிலிருந்து கேட்கிறேன், கிளியூரில் இறங்கினவருக்கு எப்படி நனையாமல் இருந்தது?

கொண்டைஊசி20:
நான் பாறை மேல் பார்த்துக் கால் வைத்தேன். எருமை மாதிரி நடுத்தண்ணீரில் போகவில்லை.

மழைநடையன்:
ஆக, தண்ணீரிலேயே இறங்கவில்லை! இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

கொண்டைஊசி20:
இறங்கினேன். கணுக்கால் வரை. லேஸுக்கு அடியில் இருக்கிற நாக்கை இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்த பூட்ஸ் அது, அந்த உயரம் வரை உள்ளே வராது. வாங்கின அன்றே வீட்டு வாளியில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் அதற்குள் நின்று பார்த்தேன். வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். 9,000 கொடுத்தவர் எவராவது வாளியில் நின்றதுண்டா? விலைச்சீட்டைப் பார்த்துத்தானே நம்பினீர்கள்?

புதுவரவு636:
அண்ணே, அடுத்த வாரம் ஏற்காடு போகிறேன். பட்ஜெட் 3,000. எதை வாங்கட்டும்?

உருக்காலைக்காரன்:
தம்பி, அடியைத் திருப்பிப் பார், பல் நாலைந்து மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும், இடைவெளி அகலமாக இருந்தால்தான் சேறு உதிரும். ரொம்ப நாள் கடையில் கிடந்த பழைய சரக்கைத் தள்ளுபடி என்று வாங்காதே. என் மச்சான் ஒரு கடையில் அப்படி வாங்கி, பகோடா பாயிண்ட் போகும் வழியில் அடிப்பாகம் ரஸ்க் மாதிரி பொடிந்து, ஜீன்ஸ் கிழித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அடிப்பாகத்துக்குள்ளே வைக்கிற பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக், காற்றில் இருக்கிற ஈரத்திலேயே சில வருடத்தில் செத்துவிடும், போடாமல் பரணில் வைத்திருந்தாலும்.

மழைநடையன்:
பார்த்தீர்களா, மலிவு பூட்ஸின் லட்சணம்.

உருக்காலைக்காரன்:
அது 7,000 ரூபாய் பூட்ஸ் சார். தள்ளுபடியில் 3,500.

கொண்டைஊசி20:
ஹாஹா! வாத்தியார் இப்போது என்ன சொல்கிறார்?

மழைநடையன்:
சாக்ஸ் போட்டோ எங்கே?

கொண்டைஊசி20:
போன் சார்ஜில் இருக்கிறது. தம்பி, நீ 2,200 ரூபாயிலேயே வாங்கு. நனைந்தால் உள்ளே தினத்தாள் திணித்து நிழலில் வை, அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டுவிடும்.

மழைநடையன்:
நனையாத பூட்ஸுக்கு எதற்கு தினத்தாள்?

கொண்டைஊசி20:
வெளியே நனையும் ஐயா, வெளியே! உள்ளே சாக்ஸ் நனையவில்லை என்றுதானே காலையிலிருந்து கத்துகிறேன்!

காப்பித்தோட்டம்:
கம்பூட்ஸ் 450 ரூபாய்.

கொல்லிமலைக்காற்று:
70 வளைவு.