கவிதையில் கர்த்தர் வந்தால் வெட்டச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

ராயபுரத்துப் பெண் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா காசிமேட்டில் லாஞ்சில் (விசைப்படகில்) மீன்பிடிக்கப் போகிறவர், அம்மா மீன் விற்கிறார். ஐந்து வருடமாகக் கவிதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் கவிதைக் கூட்டத்துக்கும் போகிறேன், அங்கே வருகிறவர்களை எனக்கு நிஜமாகவே பிடிக்கும், வாசிக்கக் கற்றுக்கொண்டதே அவர்களிடம்தான்.

போன கூட்டத்தில் ஒரு கவிதை வாசித்தேன். ஏப்ரல் 15-ல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் அப்பா கரையில். அம்மா தடை இல்லாத சின்ன ஃபைபர் படகில் வரும் கொஞ்ச மீனை ஏலத்தில் எடுத்து வெயிலில் உட்கார்ந்திருக்கிறார், யாரும் வாங்கவில்லை. கடைசி இரண்டு வரி இப்படி:

மகிமையின் தேவனே, உம் சிறகின் நிழலில்
எங்களை மூடிக்கொள்ளும்

அந்த இரண்டு வரியை வெட்டினால் நல்ல கவிதை என்றார்கள். அதையே சபையில் வாலிபர் கூட்டத்தில் வாசித்தேன். அங்கே, இதில் இரட்சிப்பு எங்கே, நம்பிக்கையோடு முடிக்கக் கூடாதா என்று கேட்டார்கள். இரண்டு இடத்திலிருந்தும் அழுதுகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

எழுதுவதுதான் என் அழைப்பு என்று நம்புகிறேன். எஜமான் கொடுத்த தாலந்தை (பணத்தை) பயன்படுத்தாமல் மண்ணில் புதைத்தவனைப் பற்றி இயேசு சொன்ன கதை சின்ன வயதிலிருந்தே மனதில் கிடக்கிறது. இப்போது ஒரு தொகுப்புக்குக் கவிதை கேட்டிருக்கிறார்கள். சபைக்கு என் பெயர், இலக்கியத்துக்கு ஒரு புனைபெயர் என்று பிரித்துக்கொள்ளலாமா?

பெரம்பூர் தமிழாசிரியர் (ஓய்வு):

பிரிக்காதே மகளே. ஆழ்வார் பாட்டிலிருந்து திருமாலை வெட்டிவிட்டால் நல்ல கவிதை என்று யாராவது சொல்வார்களா? தமிழில் கடவுளோடு பேசுவதும் சண்டை போடுவதும் கவிதைக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறது, நீ புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. வீரமாமுனிவர் 1726-ல் தேம்பாவணியை 3,615 பாட்டில் முடித்தார். அதில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்புக்கு 'வளன்' என்றே தமிழ்ப் பெயர். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827-ல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர். கிறிஸ்தவரான பிறகு அந்தக் கம்பனைத் தூக்கிப் போடவில்லை, அதை வைத்துத்தான் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியம் எழுதினார், 1894-ல் வந்தது. 'கிறிஸ்தவக் கம்பர்' என்று இன்றும் சொல்கிறோம். அவருக்கு இரண்டு பெயர் தேவைப்படவில்லை.

வியாசர்பாடி வாசகன்:

தங்கச்சி, எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. உன் கூட்டத்தில் இருந்திருந்தால் நானும் வெட்டத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் கர்த்தர் வந்ததற்காக இல்லை. அதுவரைக்கும் வெயில், ஐஸ், ஈ, அம்மாவின் முழங்கால் என்று போய்க்கொண்டிருந்த கவிதை (அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்), கடைசியில் திடீரென்று சபைப் பாட்டுப் புத்தகத்தின் பாஷைக்கு மாறிவிடுகிறது. மகிமை, சிறகு, நிழல் எல்லாம் யாரோ எழுதி வைத்தது. மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி தண்ணீர்க் குடத்தை இறக்கும்போதெல்லாம் "ஸ்தோத்திரம்" என்று மூச்சு விடுவார். அது பிரசங்கம் இல்லை, அவருடைய மூச்சு. அப்படி ஒரு சொல்லை நீ எழுதினால் வெட்டச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஐயா சொன்ன பெரியவர்கள் சரிதான், ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லிப் பலவீனமான வரியைக் காப்பாற்ற முடியாது.

பாடகர் குழு அக்கா, தண்டையார்பேட்டை:

சபையில் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நம்பிக்கையோடு முடிக்கச் சொன்னவர்களிடம் 88-ஆம் சங்கீதத்தைக் கடைசிவரை வாசிக்கச் சொல். முடிவில் ஆறுதல் வராது, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடும். அதையும் சேர்த்துத்தான் வேதம் என்கிறோம். அப்புறம், இராமுழுவதும் வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்று சொன்ன பேதுருவுக்குத்தான் அழைப்பே வந்தது. ராயப்பர் என்று அவரைக் கும்பிடுகிற ஊரில் இருந்துகொண்டு வெறும் வலையை எழுதுவதற்கு நீ ஏன் பயப்பட வேண்டும்?

ராயபுரத்துப் பெண்:

ஐயா, அண்ணா, அக்கா, மூவருக்கும் நன்றி. அண்ணா சொன்னது முதலில் வலித்தது, இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. அப்புறம் அம்மாவிடமே கேட்டேன், அன்றைக்கு மதியம் உட்கார்ந்திருந்தபோது என்னம்மா ஜெபம் பண்ணினாய் என்று. யோசிக்கவே இல்லை, மீன் செதிலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"கர்த்தாவே, ஐஸ் கரையுதே, ஒரு ஆளையாவது அனுப்பும்."

பழைய இரண்டு வரியை அடித்துவிட்டு இதை எழுதினேன். தொகுப்புக்கு என் சொந்தப் பெயரிலேயே அனுப்பியாயிற்று. வருகிற ஞாயிறு வாலிபர் கூட்டத்திலும் இதையேதான் வாசிக்கப் போகிறேன், அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன்.