படுவான்கரையில அம்மா அப்பா தனிய, வெள்ளத்துக்கு முதல் எப்ப கூட்டிட்டு வாற?

களுதாவளைப் புள்ள:
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரையில வெல்லாவெளிப் பக்கம் எங்கட அம்மா அப்பா ரெண்டு பேரும் தனியத்தான் இருக்காங்க, நான் கலியாணம் முடிச்சு வாவிக்கு இங்கால கடல் பக்கம், எழுவான்கரையில. அப்பாக்கு சீனி வருத்தம், இன்சுலின் போடுற, கால்லயும் ஒரு புண் ஆறாமக் கிடக்கு. ஒவ்வொரு மாரிக்கும் "இந்த மழைக்கெல்லாம் வீட்ட விட்டுட்டு வாறதா, மாட்ட ஆரு பாக்கிற" எண்டு கடைசி வரைக்கும் நிப்பாரு, மறுகா மண்டூர் ரோட்டால தண்ணி பாய்ஞ்சா நான் இங்க அவங்க அங்க. எத வெச்சு முடிவெடுக்கிற? கரண்ட் போனா இன்சுலின என்ன செய்யிற? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வயல்காரன்:
தங்கச்சி, உங்கட ஊர் மழைய மட்டும் பாத்துட்டு இருக்க வேணாம். எங்களுக்கு வெள்ளம் மேற்கால இருந்துதான் வாற, அம்பாறைப் பக்கம் நல்லா அடிச்சு நவகிரிக் குளம் நிரம்பி வான்கதவத் திறந்தா இங்க வெயில் எறிச்சாலும் ராவையில தண்ணி ஏறும். அதனால குளம் நிரம்பிட்டு, மழை இன்னும் இருக்கு எண்டு வானிலைக்காரர் சொல்லுறாங்க எண்டா அண்டைக்கே கூட்டிட்டு வந்திருங்க, கதவு திறக்கும் வரைக்கும் பாத்துட்டு இருக்காதீங்க. கமக்கார அமைப்பில இருக்கிறவங்களுக்கு குளத்து நிலவரம் வேளைக்கே தெரியும், ஒராளோட நம்பர எடுத்து வைங்க, கிராம சேவகர்ட நம்பரும். 117க்கு அடிச்சா இடர் முகாமைத்துவ நிலையம். வாவி நிரம்பி ஆத்துவாய் (வாவித் தண்ணி கடலுக்குப் போற வாய், மண் மூடிக் கிடக்கும்) இன்னும் வெட்டுப்படல்லையெண்டா வந்த தண்ணி லேசில வடியாது, அதையும் கேட்டுப் பாருங்க.

மாட்ட கட்டையில கட்டிப்போட்டுட்டு வரவே கூடாது. மழை தொடங்கக்குள்ளயே மேட்டு நிலத்துக்குச் சாய்ச்சு விட ஒராளப் பேசி வைங்க, அப்பா அசையாததுக்குக் காரணமே மாடுதானே, அதுக்கு வழி செஞ்சா அவரும் வருவாரு. வடிஞ்ச உடனே திரும்ப அனுப்பவும் வேணாம். 2011 ஜனவரியில வந்த வெள்ளம் வடிஞ்சு சனம் வீடு கழுவி முடிக்க முதல் பெப்ரவரியில மறுபடியும் வந்த.

தாதி அக்கா:
இன்சுலினுக்குப் பயப்படாதீங்கம்மா. திறந்து பாவிக்கிற போத்தல் வீட்டுக்குள்ள நிழலில, கடும் சூடு படாம இருந்தா ஒரு நாலு கிழமைக்குப் பழுதாகாது. திறக்காதத பொலித்தீன் பேக்கில இறுக்கிக் கட்டி, தண்ணி ஊத்தின மண்சட்டிக்குள்ள வைங்க. ஐஸ் கட்டியோட நேர வெச்சா உறைஞ்சு போகும், உறைஞ்சத மறுகா பாவிக்கக் கூடாது. ஊசி, கிளினிக் கொப்பி, ரெண்டு கிழமைக்கான மருந்து, அடையாள அட்டை எல்லாம் ஒரே பேக்கில. முகாமில சாப்பாடு நேரத்துக்கு வராது, ஊசியப் போட்டுட்டு சாப்பாடு பிந்தினா சீனி இறங்கிரும், அதால கொஞ்சம் சீனியும் பிஸ்கட்டும் கட்டாயம் வைங்க.

எனக்குப் பெரிய கவலை அந்தக் கால் புண்தான். அந்தக் காலோட வெள்ளத்துல இறங்க விடவே கூடாது, சீனி வருத்தக்காரருக்கு கால்ல முள்ளோ ஓடோ குத்தினாலும் தெரியாது, எலிக்காய்ச்சல் கிருமியும் புண்ணால லேசா உள்ள போகும். தண்ணியில இறங்கினவருக்கு பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வந்தா பனடோல் போட்டு வீட்டுல வெச்சிருக்காம உடனே ஆஸ்பத்திரி. அம்புலன்ஸ் 1990.

சம்மாந்துறையான்:
ரோட்டப் பத்தி நானும் ஒண்டு சொல்றன். 2024 நவம்பர் 26 காரைதீவு மாவடிப்பள்ளி ரோட்டுல மத்ரசாப் புள்ளைகள ஏத்திட்டு வந்த மெசின் (உழவு மெசின், டிராக்டர்) வெள்ளத்துல அள்ளுப்பட்டு புள்ளைகள் மௌத்தாகினத்த எங்கட ஊர் இன்னும் மறக்கல்ல. மெசின் பெரிசு பாரம் எண்டு நம்பித்தான் எல்லாரும் ஏறுற. ஓடுற தண்ணி முழங்காலுக்கு வந்தாலே ஆளப் புரட்டிரும், ரோட்டோரம் அரிச்சிருந்தா மேலால பாத்து தெரியாது. பிந்திட்டா ராவையில போய் அவங்கள எடுக்கிற வேல செய்யாதீங்க தங்கச்சி, பள்ளிக்கூடமோ கோயிலோ பக்கத்துல உள்ள மேட்டுக்கு ஏறச் சொல்லிட்டு கிராம சேவகருக்கு அடிங்க, போட் வரும்.

களுதாவளைப் புள்ள:
எல்லாருக்கும் நன்றி. மாட்டுக்கு ஒராளப் பேசிட்டன், மாமாட மகன் பாப்பான். வீட்டுக் கிணறு தாழ்ந்த கிணறு, வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தண்ணி குடிக்கலாமா?

வயல்காரன்:
குடிக்காதீங்க. பீஎச்ஐகிட்ட (பொதுச் சுகாதார பரிசோதகர்) சொல்லுங்க, கிணறு இறைச்சு முடிய குளோரின் போடுவாங்க, அதுக்குப் பிறகும் கொஞ்ச நாளைக்குக் கொதிக்க வெச்சே குடிங்க. வீட்டப் பூட்டிட்டு வரக்குள்ள மெயின் சுவிச்ச நிப்பாட்டச் சொல்லுங்க, திரும்பிப் போய் சுவர் காயாம போடவும் வேணாம்.