கவின் பர்த்டே (அவன்கிட்ட உளறிடாதீங்க)

[இரவு 9:12] மாலதி: கவின் தூங்கிட்டானா அண்ணி

[9:13] தீபா அண்ணி: இப்பதான் படுத்தான். சொல்லு மாலதி

[9:15] மாலதி: கரோசெல் ஆப்ல செகண்ட் ஹேண்டா ஒண்ணு பாத்தேன், அந்த ஸ்டார் வார்ஸ்ல உருண்டு உருண்டு வருமே பிபி-8 ரோபோ அதேதான், பெரிய ஆரஞ்சுப் பழம் சைசு, உடம்பு மட்டும் உருளுது தலை மேல அப்டியே நிக்குது, 80 சிங்கப்பூர் வெள்ளி போட்டிருக்காங்க, நம்ம வீட்ல அந்தப் படம் பாத்ததுல இருந்து அதையேதான கேட்டு நச்சரிக்கிறான்

[9:16] செல்வம் அண்ணன்: பர்த்டேக்கு செகண்ட் ஹேண்டா??

[9:16] மாலதி: புதுசு எங்கண்ணே கிடைக்கும், செய்றதையே நிறுத்திட்டாங்க

[9:19] ஆகாஷ்: ஆமா மாமா. ஸ்பீரோன்னு அமெரிக்க கம்பெனி. டிஸ்னி பாஸ் பாப் ஐகர் 2014ல படம் வர்றதுக்கு முன்னாடியே போட்டோ காட்டி இதப் பண்ண முடியுமான்னு கேட்டாராம், அவங்க ஏற்கனவே உருளுற பால் ரோபோ வித்துட்டு இருந்தாங்க. 2015 செப்டம்பர்ல கடைக்கு வந்துச்சு, படமே டிசம்பர்லதான். அப்ப 150 யூஎஸ் டாலர். 2018 கடைசில சினிமா பொம்மை வேணாம்னு விட்டுட்டு ஸ்கூல் கோடிங் பக்கம் போய்ட்டாங்க

[9:20] தீபா அண்ணி: அதெல்லாம் சரி. போன் வேணுமா அதுக்கு?

[9:20] மாலதி: 🙈

[9:21] ஆகாஷ்: வேணும் அத்தை. ஆப்லதான் ஓட்டணும். நாம பேசுனா கேக்கும்னு சொல்றாங்கல்ல, கேக்குறது போன் மைக்தான், அந்த பீப் பீப் சத்தமும் போன்ல இருந்துதான் வரும், பொம்மைக்குள்ள ஸ்பீக்கரே கிடையாது

[9:23] தீபா அண்ணி: அப்ப வேணாம் லா. இத்தன நாள் போனைக் காட்டாம எவ்ளோ பாடுபட்டு வளத்துருக்கேன், கிண்டர்கார்டன் கே டூ புள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளதான் ஸ்கிரீன்னு சுகாதார அமைச்சு எம்ஓஹெச்சே 2025ல சொல்லியாச்சு, ஒரு தடவ கைல குடுத்தா திரும்ப வாங்குறது யாரு, நீங்களா வருவீங்க

[9:24] செல்வம் அண்ணன்: அதோட பேட்டரியே ஒரு மணி நேரம்தானாம், கணக்கு சரியாத்தான இருக்கு 😄

[9:24] தீபா அண்ணி: நீங்க சும்மா இருங்க

[9:27] அப்பா: தலை எப்படி விழாமல் நிற்கிறது

[9:29] ஆகாஷ்: காந்தம் தாத்தா. உருண்டைக்குள்ள குட்டி வண்டி மாதிரி ஒண்ணு இருக்கு, ரெண்டு மோட்டார், சக்கரம், வெள்ளெலி வளையத்துல ஓடுற மாதிரி உள் சுவத்துல ஏறிக்கிட்டே இருக்கும், அப்ப வெளி ஓடு உருளும். அந்த வண்டி மேல காந்தம் வச்சிருக்காங்க, தலைக்கு அடியிலயும் காந்தம், நடுவுல ஓடு. இழுத்தா கழண்டு வந்துடும், திரும்ப வச்சா ஒட்டிக்கும்

[9:31] அப்பா: சபாஷ். திறந்து ரிப்பேர் பார்க்கலாமா

[9:31] ஆகாஷ்: முடியாது சீல் பண்ணிட்டாங்க. சார்ஜுக்குக் கூட ஓட்டை இல்ல, அதோட தட்டு மேல வச்சாப் போதும் ஏறிடும்

[9:33] அப்பா: பேட்டரி போனால் 80 வெள்ளி ஷோகேஸில். முப்பது வருடம் கப்பல் பட்டறையில் இருந்தவன் சொல்கிறேன், திறக்க முடியாத சாமானை வாங்காதே

[9:34] அம்மா: 🎤 வாய்ஸ் மெசேஜ் 0:52

[9:36] மாலதி: ஆகாஷ் பஸ்ல இருக்கான், வாய்ஸ் கேக்க முடியாது, நானே சொல்லிடுறேன், அம்மா என்ன சொல்லுதுன்னா புள்ளைக்கு லிட்டில் இந்தியா தேக்கால ஒரு ஜிப்பா எடுங்க கேக் வெட்டறப்ப போடலாம், மீதி பாதி டிவி சீரியல் சத்தம் 😂

[9:41] மாலதி: அண்ணி அண்ணி இருங்க. வேற ஒருத்தர் போட்டிருக்காங்க, 110 வெள்ளி, கூடவே வாட்ச் மாதிரி ஒண்ணு. ஆனா பொம்மை ஒரே அழுக்கா கீறலா இருக்கு பாவம்

[9:42] ஆகாஷ்: மா அது அழுக்கு இல்ல!! பெயிண்டே அப்டித்தான், பாலைவனத்துல அடிபட்ட மாதிரி ஸ்பெஷல் எடிஷன். அந்த வாட்ச் ஃபோர்ஸ் பேண்ட், 2016ல வந்தது. கைய நீட்டுனா போகும் இழுத்தா திரும்பி வரும், ஓட்டறதுக்கு போன் தேவையில்ல. சத்தமும் பேண்ட்லயே வரும்

[9:43] தீபா அண்ணி: போனே தேவையில்லையா? நிஜமாவா

[9:43] ஆகாஷ்: நிஜமா அத்தை

[9:44] அம்மா: பொறந்தநாளுக்கு அழுக்கு பொம்மையா

[9:44] மாலதி: டிசைன் மா டிசைன்

[9:47] தீபா அண்ணி: சரி. ஆனா நேர்ல போன் இல்லாம ஓட்டிக் காட்டச் சொல்லு, ஓடுனாத்தான் காசு. பழைய பேட்டரி, எத்தன நிமிஷம் நிக்குதுன்னும் கேளு. பேண்ட் அவன் கைக்கு லூசா இருக்குமோ

[9:48] மாலதி: நாளைக்கு 7 மணிக்கு செங்காங் எம்ஆர்டி ஸ்டேஷன் டிக்கெட் கேட் கிட்ட வரச் சொல்லிட்டேன், ஆகாஷும் வர்றான்

[9:49] செல்வம் அண்ணன்: அதுக்குள்ள சொல்லியாச்சா 😄 நான் பாதி தர்றேன்

[9:51] மாலதி: தட்டு இருக்காம் ஆனா கேபிள் தொலைஞ்சு போச்சாம். மைக்ரோ யூஎஸ்பி. யார்கிட்டயாவது பழசு இருக்கா

[9:52] செல்வம் அண்ணன்: அப்பா போன் அதுதான

[9:55] அப்பா: என் கேபிளை யாரும் தொடக்கூடாது